கட்டற்ற இழுவைத் தட்டச்சு விசைப்பலகைகளும் உரிமச் சர்ச்சைகளும்

இழுவைத் தட்டச்சு என்பது தொடுதிரை விசைப்பலகையில் விரலை எடுக்காமல் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு இழுத்துச் சென்று ஒரு சொல்லை முழுமையாக உள்ளிடும் முறை ஆகும். பேச்சுவழக்கில் இது ஸ்வைப் என்றே அறியப்படுகிறது. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் விசைப்பலகை மூல நிரல் எவரும் எடுத்தாளும் வகையில் வெளியிடப்பட்ட ஒன்று. ஆயினும் 2012 இல் கூகுள் இந்த வசதியைச் சேர்த்தபோது, அதற்கான நிரலை மட்டும் வெளியிடவில்லை. அவ்விடைவெளியை நிரப்பத் தன்னார்வலர்களும் சில நிறுவனங்களும் மேற்கொண்ட முயற்சிகள், மென்பொருள் உரிமங்கள் பற்றிய பழைய வழக்கு ஒன்றை மீண்டும் கிளப்பிவிட்டன. மூல நிரலைப் பார்க்க முடிந்தால் மட்டும் ஒரு மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள் எனலாமா என்பதே அவ்வழக்கு.

விசைப்பலகையின் தனித்தன்மை

விசைப்பலகை மற்ற செயலிகளைப் போன்றதன்று. கடவுச்சொல், வங்கி எண், மருத்துவரிடம் கேட்கும் கேள்வி, காதல் கடிதம் ஆகிய யாவும் அதன் வழியாகவே செல்கின்றன. 2017 டிசம்பரில் ஏஐ.டைப் எனும் விசைப்பலகைச் செயலியின் தரவுத்தளம் கடவுச்சொல் ஏதுமின்றி இணையத்தில் திறந்து கிடந்தமை கண்டறியப்பட்டது. 3 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரங்கள், 577 கிகாபைட்டு அளவில், அதில் இருந்தன. 2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிட்டிசன் லேப் ஆய்வகம் சீன மொழி உள்ளீட்டுச் செயலிகளை ஆராய்ந்து, ஒன்பது நிறுவனங்களில் எட்டின் செயலிகள் விசையழுத்தங்களை இடைமறிக்கத்தக்க வகையில் அனுப்பின என்று அறிவித்தது. ஹுவாவேயின் செயலியில் மட்டுமே அத்தகைய குறை காணப்படவில்லை.

இவற்றைக் கருத்தில் கொண்டால், விசைப்பலகையின் மூல நிரலைப் பிறர் படித்துச் சரிபார்க்க வேண்டும் என்ற கோரிக்கை வெறும் கொள்கைப் பிடிவாதம் அன்று என்பது விளங்கும். ஆனால் இழுவைத் தட்டச்சுக்குப் பழகிய விரல் எளிதில் பழைய முறைக்குத் திரும்புவதில்லை. தனியுரிமை கருதிக் கட்டற்ற விசைப்பலகைக்கு மாறுவோர் பலர் இந்த ஒரு வசதி இல்லாமையால் சில நாட்களிலேயே பழையதற்குத் திரும்பிவிடுகின்றனர்.

இயங்கும் விதம்

இம்முறையின் அடிப்படை ஆய்வு ஐபிஎம் நிறுவனத்தின் அல்மாடன் ஆய்வு மையத்தில் சுமின் சாய், பெர் ஓலா கிறிஸ்டென்சன் ஆகியோரால் செய்யப்பட்டது. ஷார்க் எனும் அவர்களது முறை 2003 இலும், அதன் விரிவாக்கமான ஷார்க் ஸ்கொயர் 2004 இலும் ஆய்வுக் கட்டுரைகளாக வெளிவந்தன.

அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் விசைப்பலகையின் மீது ஒரு கோடு உண்டு. சொல்லின் எழுத்துகளுக்குரிய விசைகளின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் அக்கோடு கிடைக்கும். பயனர் இழுத்த கோட்டையும் அகராதிக் கோடுகளையும் சம தொலைவுப் புள்ளிகளாகப் பகுத்து ஒப்பிட வேண்டும். தொடக்கமும் முடிவும் வெகுவாக வேறுபடும் சொற்கள் முதலிலேயே கழிக்கப்படும். எஞ்சியவற்றில் வடிவ ஒற்றுமை, இட ஒற்றுமை ஆகிய இரண்டும் தனித்தனியே கணிக்கப்பட்டு நிகழ்தகவாக இணைக்கப்படும்.

கோடு மட்டும் போதாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஆங்கில குவெர்டி விசைப்பலகையில் பானை, குழி, வை எனப் பொருள்படும் பாட், பிட், புட் ஆகிய மூன்று சொற்களும் மேல் வரிசையின் வலது ஓரத்தில் உள்ள பி விசையில் தொடங்கி, இடப்புறமாக நேர்கோட்டில் சென்று டி விசையில் முடிகின்றன. இடையிலுள்ள உயிரெழுத்து விசைகள் மூன்றும் அதே நேர்கோட்டில் அமைந்தவை. ஆகவே மூன்று சொற்களுக்கும் ஒரே கோடுதான். எது சரி என்பதை முன்னே வந்த சொற்களைக் கொண்டு மொழி மாதிரியே தீர்மானிக்க வேண்டும். நல்ல இழுவைத் தட்டச்சுக்கு வடிவ ஒப்பீடு, சொற்பட்டியல், மொழி மாதிரி ஆகிய மூன்றும் தேவை. இம்மூன்றுக்கும் வெவ்வேறு உரிமங்கள் இருக்கலாம் என்பதைப் பின்னர் காண்போம்.

வணிக வரலாறு

டி9 உள்ளீட்டு முறையைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான கிளிஃப் குஷ்லரும் ராண்டி மார்ஸ்டனும் உருவாக்கிய ஸ்வைப் எனும் மென்பொருள் 2009 இல் சாம்சங் ஓம்னியா 2 நகர்பேசியில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஐபிஎம் ஆய்விலிருந்து பிறந்த ஷேப்ரைட்டரை 2010 இலும், ஸ்வைப் நிறுவனத்தைச் சுமார் 10 கோடி அமெரிக்க டாலருக்கு 2011 இலும் நுவான்ஸ் நிறுவனம் வாங்கியது. 2018 இல் நுவான்ஸ் ஸ்வைப் செயலியைக் கைவிட்டது. மூல நிரல் வெளியிடப்படாததால், பணம் கொடுத்து வாங்கிய பயனர்கள் உட்பட யாராலும் அதனைத் தொடர்ந்து பராமரிக்க இயலவில்லை. ஒரு தொழினுட்பத்துக்கே பெயர் தந்த மென்பொருள் இவ்வாறு மறைந்தது. ஆப்பிள் நிறுவனம் 2019 இல் ஐஓஎஸ் 13 உடன் இவ்வசதியைத் தன் விசைப்பலகையில் சேர்த்தது.

இக்காலத்தில் காப்புரிமங்களும் ஒரு தடையாகக் கருதப்பட்டன. குஷ்லரும் மார்ஸ்டனும் 2003 இல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமம் 2006 இல் வழங்கப்பட்டது. அமெரிக்கக் காப்புரிமம் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும். அப்பாச்சி 2.0, குனூ பொது உரிமம் 3 ஆகியவற்றில் காப்புரிமம் பற்றிய பிரிவுகள் இருப்பினும், அவை நிரலைப் பங்களித்தோரிடம் உள்ள காப்புரிமங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். வெளியாள் ஒருவரின் காப்புரிமத்திலிருந்து எந்த உரிமமும் தன்னார்வலரைக் காக்காது.

கூகுளின் மூடிய நூலகம்

ஆண்ட்ராய்டுத் திறந்த மூலத் திட்டத்தின் விசைப்பலகைக்கு லத்தீன் ஐஎம்ஈ என்று பெயர். இது அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிடப்பட்டது. அப்பாச்சி உரிமம் தாராளமானது. நிரலை எடுத்து, மாற்றி, மாற்றங்களை வெளியிடாமலேயே விற்கவும் அது இடமளிக்கிறது. 2012 நவம்பரில் வெளியான ஆண்ட்ராய்டு 4.2 இல் இழுவைத் தட்டச்சு சேர்க்கப்பட்டது. 2013 இல் கூகுள் விசைப்பலகை தனிச் செயலியாக வெளியிடப்பட்டு, 2016 இறுதியில் ஜிபோர்டு எனப் பெயர் மாற்றம் பெற்றது.

திறந்த மூல நிரலைப் படிப்போர் ஒரு விந்தையைக் காணலாம். விரலின் பாதையைப் பதிவு செய்யும் நிரல் அங்கே உள்ளது. விரலுக்குப் பின்னே வண்ணக் கோடு வரையும் நிரலும் உள்ளது. சி++ பகுதியில் இழுவையை ஆராயும் கூறினைப் பொருத்துவதற்கான இடமும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் அவ்விடம் வெறுமையாக இருக்கிறது. நிலையும் வாசற்படியும் வைத்துவிட்டு அறையைக் கட்டாமல் விட்டதைப் போன்றது இது. அறை இருப்பது கூகுளின் மூடிய நூலகக் கோப்பு ஒன்றில். அக்கோப்பைப் பெற்ற விசைப்பலகை கோட்டைச் சொல்லாக்கும்; பெறாதது கோட்டைத் தவறவிடும்.

இதில் கூகுள் உரிமத்தை மீறியது என்று கூற இயலாது. நிரல் கூகுளுடையது, அப்பாச்சி உரிமமும் மூடிய பகுதிகளை இணைப்பதை அனுமதிக்கிறது. திறந்த அடித்தளத்தின் மீது மூடிய மேற்கட்டுமானம் எழுப்புவது ஆண்ட்ராய்டில் முன்பே நிகழ்ந்ததுதான். 2009 செப்டம்பரில் சயனோஜென்மோட் எனும் மாற்று இயங்குதளப் பதிப்பு கூகுளின் தனியுரிமைச் செயலிகளைச் சேர்த்து வழங்கியபோது, அதனை நிறுத்துமாறு கூகுள் கடிதம் அனுப்பியது. அதன் பின்னர் மாற்று இயங்குதளங்கள் கூகுள் செயலிகளைத் தனித் தொகுப்பாகப் பயனரே நிறுவிக்கொள்ளும்படி விட்டுவிட்டன. விசைப்பலகை நூலகக் கோப்பும் அத்தொகுப்புகளில்தான் பயணித்தது.

மாற்று விசைப்பலகைகள்

எனிசாஃப்ட்கீபோர்டு, லத்தீன் ஐஎம்ஈயைச் சாராமல் அப்பாச்சி உரிமத்தில் வளர்ந்த பழைய திட்டம். தன்னார்வலர் ஒருவர் பங்களித்த வடிவ ஒப்பீட்டு நிரலைக் கொண்டு அது சோதனை நிலையில் இழுவைத் தட்டச்சை அளித்தது. 2020 இல் தொடங்கிய ஃப்ளோரிஸ்போர்டும் அதே உரிமத்தைக் கொண்டது. அதன் தொடக்க இழுவை நிரல் எனிசாஃப்ட்கீபோர்டின் பணியைத் தனது மூலக் குறிப்பிலேயே ஏற்றுக் குறிப்பிடுகிறது. எடுத்துக்கொள்ள யாரிடமும் இசைவு கேட்கத் தேவையில்லாத உரிமத்தின் பயன் இது. எனினும் வலிமையான மொழி மாதிரி இல்லாமையால் இவற்றின் துல்லியம் ஜிபோர்டுக்கு நிகராக அமையவில்லை.

ஓப்பன்போர்டு எனும் திட்டம் லத்தீன் ஐஎம்ஈ நிரலை எடுத்துக் குனூ பொது உரிமம் 3 இன் கீழ் வெளியிட்டது. அப்பாச்சி 2.0 நிரலைக் குனூ பொது உரிமம் 3 கொண்ட திட்டத்தில் சேர்க்கலாம், எதிர்த்திசையில் இயலாது. ஓப்பன்போர்டின் பராமரிப்பு நின்றபோது அதன் கிளையாக ஹீலிபோர்டு உருவாகி 2024 இல் பரவலாயிற்று. இணைய அனுமதியே கோராத விசைப்பலகை என்பது இதன் சிறப்பு. இழுவைத் தட்டச்சைப் பொறுத்தவரை ஹீலிபோர்டு ஒரு நடைமுறைத் தீர்வை ஏற்றது. செயலியில் கூகுளின் நூலகம் இல்லை. ஆனால் பயனர் அக்கோப்பை வேறெங்கேனும் பெற்று, அமைப்புகளில் தானே ஏற்றிக்கொண்டால் இழுவை வேலை செய்யும். பொருத்தமான திறந்த மூல நூலகம் கிடைக்காமையே காரணம் என்று திட்டத்தின் அறிமுகக் குறிப்பு ஒரு சோக முகக்குறியுடன் தெரிவித்தது.

இத்தீர்வு உரிமநெறிக்குப் பொருந்துமா என்பது சுவையான வினா. குனூ பொது உரிமம் கட்டுப்படுத்துவது பரப்புதலை. ஒருவர் தம் கருவியில் எதை எதனுடன் இணைத்து இயக்குகிறார் என்பதை அன்று. ஆகையால் நூலகத்தைச் சேர்க்காமல் செயலியைப் பரப்பும்வரை அவ்வுரிமம் மீறப்படுவதில்லை. மறுபுறம் கூகுளின் கோப்பைப் பிரித்தெடுத்து இணையத்தில் வைத்திருப்போருக்கு அதனைப் பரப்பும் உரிமையைக் கூகுள் அளித்ததாகத் தெரியவில்லை. சிக்கல் திட்டத்திடமிருந்து பயனரின் தோளுக்கு மாற்றப்பட்டுள்ளது எனலாம். மேலும், கட்டற்ற விசைப்பலகையின் உள்ளே, எவரும் படிக்க இயலாத இருமக் கோப்பொன்று பயனரின் சொற்களைக் கையாள்கிறது. இணைய அனுமதி இல்லாமையால் அது எதையும் வெளியே அனுப்ப முடியாது என்பதே ஆறுதல். அது சிறிய ஆறுதல் அன்று.

ஃபியூட்டோவும் சொற்போரும்

ஃபியூட்டோ என்பது 2021 இல் ஈரோன் உல்ஃப் என்பவரால் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் நிறுவப்பட்ட அமைப்பு. பெருநிறுவனங்களின் பிடியிலிருந்து கணினியைப் பயனருக்கு மீட்டுத் தருவது தன் நோக்கம் என்று அது கூறுகிறது. 2024 இல் வெளியிடப்பட்ட ஃபியூட்டோ விசைப்பலகையும் லத்தீன் ஐஎம்ஈயிலிருந்து கிளைத்ததே. குரல்வழி உள்ளீடு, சொல் முன்கணிப்பு ஆகியவற்றை இணைய இணைப்பின்றிக் கருவியிலேயே செய்வது இதன் இயல்பு. இழுவைத் தட்டச்சுக்குக் கூகுளின் நூலகத்தை நம்பாமல் அவ்வமைப்பு சொந்தமாக ஒன்றை உருவாக்கியது. அதற்காகத் தன்னார்வலர்களிடமிருந்து இழுவைக் கோடுகளைத் திரட்டி, அத்தரவுத்தொகுப்பை எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது. சர்ச்சைகளுக்கு நடுவே இக்கொடை போதிய கவனம் பெறவில்லை.

சர்ச்சை விசைப்பலகையின் உரிமம் பற்றியது. சோர்ஸ் ஃபர்ஸ்ட், அதாவது மூலம் முதலில், எனப் பெயரிடப்பட்ட இவ்வுரிமத்தின்படி மூல நிரலைப் படிக்கலாம். வணிக நோக்கமின்றி மாற்றலாம். கட்டணமின்றி, வணிக நோக்கமின்றிப் பகிரலாம். பணம் செலுத்துமாறு கேட்கும் பகுதியை நீக்கிவிட்டுப் பகிரக் கூடாது. 2023 அக்டோபரில் கிரேஜே எனும் நிகழ்படச் செயலியை இதற்கு முந்தைய உரிமம் ஒன்றில் வெளியிட்டபோது ஃபியூட்டோ அதனைத் திறந்த மூலம் என்றே அழைத்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது.

எதிர்த்தோரின் வாதம் 1998 க்குச் செல்கிறது. அவ்வாண்டு பிப்ரவரியில் கிறிஸ்டின் பீட்டர்சன் திறந்த மூலம் எனும் சொல்லை முன்மொழிந்தார். அதே ஆண்டில் தோன்றிய திறந்த மூல முனைப்பு அமைப்பு, டெபியன் திட்டத்தின் வழிகாட்டுதல்களிலிருந்து பத்துக் கூறுகள் கொண்ட வரையறையை வகுத்தது. எத்துறைப் பயன்பாட்டையும் விலக்கலாகாது என்பது ஆறாவது கூறு. வணிகப் பயன்பாட்டை விலக்குவது அதற்கு நேர் முரண். ரிச்சர்டு ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் இயக்கம் வலியுறுத்தும் நான்கு உரிமைகளுள் முதலாவதும், எந்நோக்கத்துக்கும் இயக்கும் உரிமையே ஆகும்.

ஆதரித்தோர் கூறியது வேறு. அமெரிக்காவில் இச்சொல்லை வணிகக்குறியாகப் பதிவு செய்யும் முயற்சி வெற்றி பெறவில்லை. எனவே ஓர் அமைப்பு மட்டும் அதன் பொருளுக்கு உரிமை கொண்டாட இயலாது என்றனர். கட்டற்ற செயலிகளை எடுத்து விளம்பரமும் உளவு நிரலும் சேர்த்துச் செயலிக் கடைகளில் விற்கும் போலிகள் உண்மையான சிக்கல் என்றனர். நிரலாளர்கள் ஊதியமின்றி உழைக்க, பெருநிறுவனங்கள் அவ்வுழைப்பில் செழிப்பது எவ்வகை விடுதலை என்றும் வினவினர். இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. மாங்கோடிபி 2018 இலும், எலாஸ்டிக் 2021 இலும், ஹாஷிகார்ப் 2023 இலும், ரெடிஸ் 2024 இலும் தம் உரிமங்களை இறுக்கியதற்குக் கூறிய காரணமும் ஏறத்தாழ இதுவே. அவற்றுள் எலாஸ்டிக் 2024 இலும் ரெடிஸ் 2025 இலும் திறந்த மூல உரிமம் ஒன்றை மீண்டும் தெரிவாக வழங்கின.

இறுதியில் ஃபியூட்டோ திறந்த மூலம் எனும் சொல்லைக் கைவிட்டுச் சோர்ஸ் ஃபர்ஸ்ட் எனும் சொல்லை ஏற்றது. பெயர்ப் பிணக்கு இத்துடன் பெரும்பாலும் ஓய்ந்தது. ஆனால் உண்மையான இழப்பு பெயரில் இல்லை. ஹீலிபோர்டும் ஃபியூட்டோ விசைப்பலகையும் லத்தீன் ஐஎம்ஈ எனும் ஒரே தாயின் பிள்ளைகள். ஹீலிபோர்டுக்கு வேண்டிய இழுவை நிரல் ஃபியூட்டோவிடம் உண்டு. ஆயினும் குனூ பொது உரிமம் கூடுதல் கட்டுப்பாடுகளை ஏற்காது. வணிகத் தடை கொண்ட நிரலை அதில் சேர்த்துப் பரப்ப இயலாது. ஹீலிபோர்டின் திருத்தங்களை ஃபியூட்டோவும் தன் உரிமத்தின் கீழ் எடுக்க முடியாது. இரண்டுமே அப்பாச்சி உரிமத் திட்டங்களிலிருந்து எடுக்கலாம். எடுத்துச் சேர்த்ததை அதே உரிமத்தில் திருப்பித் தரும் கடமை இரண்டுக்கும் இல்லை. இருவரும் தடையின்றிப் பயன்படுத்தக் கூடியது எம்ஐடி உரிமத்தில் உள்ள இழுவைத் தரவு மட்டுமே.

தமிழும் இழுவைத் தட்டச்சும்

இண்டிக் திட்டத்தின் இண்டிக் விசைப்பலகை, லத்தீன் ஐஎம்ஈயிலிருந்து பிறந்து தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குத் தட்டச்சு வசதி தரும் அப்பாச்சி உரிமச் செயலி. ஆனால் தமிழுக்குக் கட்டற்ற இழுவைத் தட்டச்சு அமைப்பதில் உரிமத்துக்கு அப்பாற்பட்ட இடர்களும் உள்ளன.

முதலாவது விசையமைப்பு. 1999 இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறமும் உள்ளன. இரு கைகளும் மாறி மாறித் தட்டுவதற்கு இது மிக ஏற்றது. ஒற்றை விரலால் இழுப்பதற்கோ இதுவே இடையூறு. கோடு எனும் சொல்லுக்கு க, ஓ, ட, உ என்று வலம், இடம், வலம், இடமாக விரல் மும்முறை திரையைக் கடக்க வேண்டும்.

இரண்டாவது ஒற்று மிகுதல். இழுவையில் ஒரே விசையை இரு முறை தொடுவதைக் கோடு காட்டாது. தமிழ்99 இல் காடு என்பதற்கும் காட்டு என்பதற்கும் வேறுபாடு ட விசையை ஒரு முறை தட்டுவதா, இரு முறை தட்டுவதா என்பதே. புள்ளியை மென்பொருளே இட்டுக்கொள்ளும். ஆகவே காடு, காட்டு இரண்டும் ஒரே கோடு. வாடு, வாட்டு; படு, பட்டு ஆகிய இணைகளும் அவ்வாறே. ஆங்கிலத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஆனால் தமிழில் இரட்டிப்பு இலக்கணத்தின் நடுவிலேயே இருப்பதால் மொழி மாதிரியின் சுமை பன்மடங்காகிறது.

மூன்றாவது சொற்பட்டியல். வீடு எனும் ஒரு பெயர்ச்சொல் வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்குள்ளேயும் என விரிகிறது. வினைச்சொற்கள் இன்னும் விரிவன. பட்டியலில் இல்லாத வடிவத்துக்குக் கோடு இல்லை. எனவே இலட்சக்கணக்கான வடிவங்களும் அவற்றின் பயன்பாட்டு எண்ணிக்கையும் வேண்டும். கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் பெரிய தமிழ் உரைத்தொகுப்புகளுள் தமிழ் விக்கிப்பீடியா முதன்மையானது. அதன் உரை 2023 முதல் கிரியேட்டிவ் காமன்சு ஆக்குநர் சுட்டு, அதேமாதிரிப் பகிர்தல் 4.0 உரிமத்தில் உள்ளது. அதிலிருந்து திரட்டிய சொல்லெண்ணிக்கைப் பட்டியல் வழிப்படைப்பு ஆகுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தனிச் சொல் எவருக்கும் உடைமை இல்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் தரவுத்தளத்துக்கென்றே தனி உரிமை உள்ளது. வழிப்படைப்பு என்றே கொண்டாலும், 2015 இல் கிரியேட்டிவ் காமன்சு அமைப்பு அறிவித்தபடி இவ்வுரிமப் படைப்பைக் குனூ பொது உரிமம் 3 கொண்ட திட்டத்தில் சேர்க்கலாம். ஆகவே அத்தகைய தமிழ்ப் பட்டியல் ஹீலிபோர்டுக்குள் தடையின்றிச் செல்லும். வணிகத் தடையுள்ள உரிமத்தின் கீழ் அதனைக் கொண்டுவர வேண்டுமாயின், பட்டியலைச் செயலியுடன் கலக்காமல், தன் பழைய உரிமத்துடனேயே தனிக் கோப்பாக வழங்க வேண்டியிருக்கும்.